உடம்பு முரண்டு பிடித்தால்: வீட்டில் யின் யோகா செய்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

யின் யோகாவில் செய்வதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. ஓர் ஆசனத்தில் உட்கார்கிறோம் அல்லது படுக்கிறோம். 3 முதல் 5 நிமிடம் அப்படியே இருக்கிறோம். அப்புறம் மெதுவாக வெளியே வருகிறோம். இவ்வளவு எளிதான விஷயத்தில் என்ன தப்பாகப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு கால் சுத்தமாக மரத்துப்போனது. அது தெரியாமல் எழுந்து, நேராகக் கதவு நிலையில் போய் மோதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் கோளாறு வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற எல்லாத் திருத்தமும் அதை வைத்துத்தான்.

எந்தத் தொல்லையானாலும் முதலில் கேட்க வேண்டியவை

எங்கே உணர்கிறீர்கள்? எப்படிப்பட்ட உணர்வு? எப்போது வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொடையின் நடுப்பகுதி, பிட்டத்தின் திரட்சி, முதுகெலும்பின் இரு பக்கம் ஆகிய சதைப்பற்றான இடங்களில் மந்தமாக, பரவலாக ஓர் இழுப்பு இருந்தால் அது நாம் தேடிப் போகும் உணர்வு. மூட்டுக்குள்ளே ஒரே புள்ளியில் குத்தல், நெரிப்பு, எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற சுருக், மரத்துப்போதல் இவை வேண்டாதவை. முதல் வகையோடு பொறுமையாக இருக்கலாம். இரண்டாவது வகையில் பொறுமைக்கு இடமே இல்லை. உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

வெளியே வந்தபின் திரும்பப் போகும்போது, மாற்றங்களை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் ஆழத்தைக் குறையுங்கள். போதவில்லையா, தாங்கல் வையுங்கள். அதுவும் உதவாவிட்டால் நேரத்தைக் குறையுங்கள். கடைசியாக ஆசனத்தையே மாற்றுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முழு ஆழத்துக்குப் போய், பல்லைக் கடித்து ஒரு நிமிடம் தாங்கி, "எனக்கு இது ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். யின்னில் வேலை செய்வது ஆழம் அல்ல, நேரம். தசைகளைச் சுற்றியும் மூட்டுகளைச் சுற்றியும் இருக்கும் இணைப்புத் திசு அவசரத்துக்கு மசியாது. மிதமான இழுப்பு நீண்ட நேரம் இருந்தால்தான் அது மெல்ல மெல்ல இளகும். அதனால் பாதி ஆழத்தில் 4 நிமிடம் இருப்பது, முழு ஆழத்தில் 1 நிமிடம் திணறுவதைவிட எவ்வளவோ மேல்.

ஓர் அளவுகோல் சொல்கிறேன். தாங்கவே முடியாத இழுப்பு 10 என்று வைத்துக்கொண்டால், நுழையும்போது 3 அல்லது 4 இருக்கட்டும். இரண்டாவது நிமிடத்தில் அது தானாக ஏறும். 7-ல் தொடங்கினால் ஏறுவதற்கு இடமே இருக்காது. ஆழம் தெரியாமல் காலை விடுவதன் நேரடிப் பொருள் இங்கேதான் புரியும்.

தாங்கலுக்கு இரண்டு தலையணை, ஒரு கனமான போர்வை, இரண்டு துண்டு போதும். போல்ஸ்டர் (நீள உருளைத் தலையணை), பிளாக் (செங்கல் வடிவக் கட்டை) எல்லாம் இருந்தால் வசதி. இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

"எதுவுமே இழுக்கவில்லை"

முதல் ஒரு நிமிடத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது சாதாரணம். அசையாமல் காத்திருங்கள். இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் வெறுமையாக இருந்தால், இழுக்க வேண்டிய இடத்தைத் தசைகள் இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். யின்னில் குறிவைக்கும் பகுதியின் தசை தளர்ந்திருக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி, முழங்காலை இறுக்கி, பாதத்தை மடக்கிப் பச்சிமோத்தானாசனம் (கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது) செய்து பழகியவர்களுக்கு இது கஷ்டம். அதே ஆசனத்தின் யின் வடிவமான கம்பளிப்பூச்சியில் முதுகு வளையட்டும், கால் சோர்ந்து கிடக்கட்டும். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்கள் மூட்டுகள் இயல்பாகவே மிக இளக்கமானவையாக இருக்கலாம். முழங்கையும் முழங்காலும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளையுமா? மணிக்கட்டை மடக்கினால் கட்டைவிரல் முன்கையைத் தொடுமா? அப்படியானால் இழுப்பைத் தேடித்தேடி ஆழம் போகாதீர்கள். நீங்கள் இழுப்பை உணர்வதற்கு முன்பே மூட்டு அதன் எல்லையைத் தொட்டிருக்கும். உங்களுக்குத் தேவை நெகிழ்வு அல்ல, வலு. யின்னை ஓய்வுக்காக மட்டும், நிறையத் தாங்கல் வைத்துச் செய்யுங்கள்.

முழங்கால் வலிக்கிறது

இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். மடங்கியிருக்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. இடுப்பு மூட்டு அப்படியல்ல. கிண்ணத்துக்குள் பந்து வைத்தது போன்ற அமைப்பு அது, எல்லாப் பக்கமும் சுழலும். தூங்கும் அன்னம் (ஒரு காலை முன்னால் மடக்கி, மறுகாலைப் பின்னால் நீட்டிக் குனிவது), காலணிக் கயிறு (முழங்கால்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்வது), வண்ணத்துப்பூச்சி (பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரித்து உட்கார்வது) போன்ற ஆசனங்களில் சுழல வேண்டியது இடுப்பு. அது ஓர் அளவுக்கு மேல் சுழல மறுத்தால், மிச்சத் திருப்பம் முழங்காலின் தலையில் விழுகிறது. வலி முழங்காலில் இருந்தாலும் வழக்கு இடுப்போடுதான்.

தூங்கும் அன்னத்தில் வலித்தால்: முன்னால் மடக்கிய காலின் குதிகாலை உடம்புக்கு அருகே இழுத்து வையுங்கள். கணுக்கால் முன்னால் தள்ளிப்போகப் போக முழங்காலில் திருகல் கூடும். அடுத்து, அதே பக்கப் பிட்டத்துக்குக் கீழே மடித்த போர்வையைச் செருகுங்கள். பிட்டம் அந்தரத்தில் தொங்கினால் உடல் எடை முழுவதும் முழங்காலில் இறங்கும். இவ்வளவு செய்தும் வலித்தால் அந்த ஆசனத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மல்லாந்து படுங்கள். ஒரு கணுக்காலை எதிர்த் தொடையின் மேல் வைத்து, கீழே உள்ள தொடையை மார்பை நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். பிட்டத்துக்குக் கிடைக்கும் இழுப்பு ஏறக்குறைய அதேதான். முழங்காலில் எடையே இறங்காது. நான் வருடக்கணக்கில் இப்படித்தான் செய்கிறேன். அன்னத்தின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வண்ணத்துப்பூச்சியில் வலித்தால்: பாதங்களை உடம்பிலிருந்து தள்ளி வையுங்கள், கால்கள் நீண்ட வைர வடிவத்தில் இருக்கட்டும். இரண்டு தொடைகளுக்கும் கீழே தலையணை கொடுங்கள். முழங்கால்களைக் கையால் கீழே அமுக்கவே கூடாது. வேறொருவர் வந்து அமுக்கவும் விடாதீர்கள்.

சேணம் என்று சொல்லும் ஆசனத்தில், அதாவது சுப்த வீராசனம் போலக் கால் மடக்கிப் பின்னால் சாயும்போது, முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பின்னால் சாய்வதை நிறுத்துங்கள். குதிகால்களுக்கு நடுவில் தலையணை வைத்து அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாலே தொடையின் முன்பகுதி இழுபடும். முழங்கால் மடிப்புக்குள் சுருட்டிய துண்டைச் செருகினால் நெரிப்பு குறையும். அதுவும் சரிப்படவில்லையா, ஒருக்களித்துப் படுத்து மேல் காலின் கணுக்காலைப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தது.

முழங்காலின் தசைநார்கள் மூட்டை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவதற்காக இருப்பவை. அவை தளர்வதால் நமக்கு லாபம் எதுவும் இல்லை. அதனால் "கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்" என்ற சொல்லை முழங்காலுக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

கால் மரத்துப்போகிறது, விரல் குறுகுறுக்கிறது

"ரத்த ஓட்டம் நின்றுவிட்டது" என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அங்கே நசுங்குவது நரம்பு. கால் மடக்கி உட்காரும்போது இரண்டு இடங்கள் அதிகம் மாட்டும். ஒன்று, பிட்டத்தின் நடுவில் இறங்கும் சயாட்டிக் நரம்பு. பிட்டத்தின் நடுவில் கடினமான பிளாக்கோ சொந்தக் குதிகாலோ அழுத்தினால் தொடையின் பின்புறம் வழியாகக் குறுகுறுப்பு இறங்கும். மற்றொன்று, முழங்காலுக்குச் சற்றே கீழே வெளிப்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சைச் சுற்றி வரும் நரம்பு. அதற்கு மேலே சதை மூட்டம் அதிகம் இல்லாததால் தரையிலோ மற்றக் காலிலோ அழுந்தினாலே முணுமுணுக்கும். பாதத்தின் மேல்பகுதி மரத்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

திருத்தம் எளிது. குறுகுறுப்பு தொடங்கிய உடனே அசைந்துவிடுங்கள். டைமர் அடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தசையை இழுத்துப் பழக்கலாம், நரம்பை நசுக்கிப் பழக்க முடியாது. எடை இறங்கும் இடத்தை ஓர் அங்குலம் மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். உட்காரும் இடத்தை உயர்த்துவது, காலுக்கு அடியில் மென்மையாகப் போர்வையை விரிப்பது, ஒரு காலை நீட்டிவிடுவது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே ஆசனத்தில் மூன்று முறை மரத்தால் அந்த ஆசனம் உங்களுக்கானது அல்ல.

கை மரத்தால் பெரும்பாலும் கையைத் தலைக்கு மேல் நீட்டிய நிலையிலோ படுத்து முறுக்கும் நிலையிலோதான் இருப்பீர்கள். அந்தரத்தில் தொங்கும் கைக்குக் கீழே தலையணை வையுங்கள், அல்லது கையைத் தோள் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். நெஞ்சைத் தரையை நோக்கி இறக்கும் உருகும் இதயம் ஆசனத்தில் நெற்றிக்குக் கீழே தாங்கல் கொடுத்துக் கைகளை அகலமாக வைத்தால் போதும்.

மரத்த காலோடு எழுந்து நடக்காதீர்கள். உணர்வு முழுதாகத் திரும்பும்வரை உட்கார்ந்தே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். கதவு நிலை பற்றி முன்பே சொன்னேன். எழுந்து சில மணி நேரம் ஆகியும் மரப்பு போகவில்லை, அல்லது பாதத்தை மேலே தூக்க முடியாமல் நடையில் இழுபடுகிறது என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

இடுப்பின் முன்புறம் நெரிக்கிறது

குனியும்போது தொடையும் வயிறும் சேரும் மடிப்பில், ஏதோ நடுவில் மாட்டிக்கொண்டது போல ஒரு நெரிப்பு. பின்னால் இழுக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரிவதில்லை. இது இழுப்பு அல்ல, முட்டல். எலும்பு எலும்போடு அல்லது நடுவில் உள்ள திசுவோடு முட்டுகிறது.

முட்டுவதை எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் மாற்ற முடியாது. தொடை எலும்பின் கழுத்து சாய்ந்திருக்கும் கோணமும் இடுப்புக் கிண்ணம் பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் தொடையை விரித்துத் தரையோடு படிய வைக்கிறார், இன்னொருவரால் பாதிகூட முடியவில்லை என்றால், அதில் உழைப்பின் பங்கைவிட எலும்பின் பங்கு அதிகமாக இருக்கலாம். யின்னுக்கு மூலமான, சீன மரபில் வந்த தாவோ யோகாவைப் பாலி ஜிங்க் என்ற ஆசிரியர் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பழகிய பால் கிரில்லி அதை உலகெங்கும் கொண்டுபோனார். யின் என்ற பெயர் நிலைபெற்றதில் சாரா பவர்ஸுக்கும் பங்குண்டு. இவர்களில் கிரில்லி ஓயாமல் சொல்வது இந்த எலும்பு வேறுபாட்டைத்தான். எனக்கு யின்னில் மிகவும் பிடித்த விஷயமும் இதுவே. ஆசனத்துக்கு "சரியான வடிவம்" என்று ஒன்று கிடையாது. சரியான இடத்தில் இழுத்தால் அதுதான் சரியான வடிவம்.

ஆகவே நெரித்தால் கோணத்தை மாற்றுங்கள். முழங்காலிட்டுக் குனிந்து படுக்கும் பாலாசனத்தில் முழங்கால்களை அகட்டி வயிற்றுக்கு இடம் விடுங்கள். ஒரு பாதத்தை முன்னால் வைத்து மறுமுழங்காலைப் பின்னால் ஊன்றும் டிராகன் ஆசனத்தில் முன்பாதத்தை வெளிப்பக்கம் தள்ளி விரல்களைச் சற்றே வெளியே திருப்புங்கள். கால்களை விரித்து உட்கார்ந்து குனியும் தும்பியில் விரிப்பைக் குறையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கும்போது எங்கோ ஓரிடத்தில் நெரிப்பு மறைந்து இழுப்பு தொடங்கும். அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை நேராக அங்கே போகலாம்.

கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது

குனியும் ஆசனத்திலா, பின்னால் வளையும் ஆசனத்திலா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

குனியும்போது என்றால், தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். அவை உட்காரும் எலும்பில் (உட்காரும்போது பிட்டத்தின் அடியில் தரையில் படும் எலும்பு) போய்ச் சேர்வதால், அவை இறுகியிருந்தால் இடுப்பு முன்னால் சாயாது. அப்போது குனிவது முழுவதும் கீழ்முதுகில்தான் நடக்கும். இரண்டு மாற்றங்கள் போதும். மடித்த போர்வையின் விளிம்பில் உயரமாக உட்காருங்கள், முழங்கால்களை மடக்கி அவற்றுக்குக் கீழே தலையணை கொடுங்கள். மடியில் இன்னொரு தலையணை வைத்து அதன் மேல் சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

செய்யும் வேளையும் கணக்கில் வரும். தூங்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முதுகை ஆழமாகக் குனிய வைத்தால் வட்டுகளின் மேல் அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதல். காலையில் செய்பவர்கள் கம்பளிப்பூச்சியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, படுத்துச் செய்யும் ஆசனங்களில் தொடங்கலாம். வட்டு பிதுங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தாலும், எலும்பு மெலிவு நோய் இருந்தாலும் முதுகை வளைத்துக் குனிவதையே விட்டுவிடுங்கள்.

பின்னால் வளையும்போது என்றால், அதாவது குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்கும் ஸ்பிங்க்ஸிலோ, கைகளை நீட்டி ஊன்றும் சீலிலோ பிடித்தால், முழங்கைகளை முன்னால் தள்ளுங்கள். மார்பு இறங்கும், வளைவு குறையும். அதற்கும் மேல் மார்புக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்ளலாம். கீழ்முதுகில் மந்தமான ஓர் அமுக்கம் இருப்பது இந்த ஆசனத்தின் இயல்பு. கூர்மையாகக் குத்தினாலோ காலுக்கு இறங்கினாலோ இயல்பல்ல. வெளியே வரும்போது நேராகப் பாலாசனத்துக்குத் தாவாமல், கன்னத்தைத் தரையில் வைத்துக் குப்புற ஒரு நிமிடம் கிடங்கள்.

முதுகு வலியோடு பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவதோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பதோ சேர்ந்து வந்தால் அது அவசரச் சிகிச்சைக்கான அறிகுறி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழுத்து வலி

தலையின் எடை 4, 5 கிலோ இருக்கும். அதை 5 நிமிடம் தொங்கவிட்டால் கழுத்து கேட்கத்தான் செய்யும். நெற்றிக்குக் கீழே தலையணையோ, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கைமுட்டிகளோ வையுங்கள். ஸ்பிங்க்ஸில் மேலே பார்க்க வேண்டாம்.

உடம்பு நடுங்குகிறது

எங்கோ தசை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தரத்தில் இருக்கும் பாகம் எது என்று பார்த்து அதற்குக் கீழே எதையாவது நிரப்புங்கள். அசையாமல் இருப்பதால் உடம்பு குளிர்ந்துபோவதும் காரணமாக இருக்கும். தொடங்கும் முன்பே காலுறை போட்டு, மேலே ஒரு போர்வை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து தேடப் போனால் அத்தோடு மனம் கலைந்துவிடும்.

மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, டைமரையே பார்க்கிறேன்

உடம்புக் கோளாறுகளைவிட இதனால்தான் ஆட்கள் விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் இதன் சாதாரணக் காரணங்களைக் களையுங்கள். ஆழம் அதிகமாக இருந்தால் மனம் தப்பிக்க வழி தேடும். அது உங்கள் மனத்தின் குறை இல்லை, ஆசனத்தின் குறை. ஒரு படி பின்வாங்கினால் ஓட்டம் பாதி குறையும். அப்புறம், கைபேசித் திரை. டைமரை ஆசனத்துக்கு ஒன்றாக முன்கூட்டியே வைத்து, திரையைக் குப்புறக் கவிழ்த்துக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். ஒலி மெல்லியதாக இருக்கட்டும். அலாரம் அலறினால், அது அடிக்கும்வரை உடம்பு பதறிக்கொண்டே காத்திருக்கும். 5 நிமிடம் மலைப்பாக இருந்தால் 90 விநாடியில் தொடங்கி வாரத்துக்கு அரை நிமிடம் கூட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் மனம் ஓடினால் அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், அதற்கு ஒரு வேலை கொடுங்கள். "கவனியுங்கள்" என்று மட்டும் சொன்னால் எதைக் கவனிப்பது என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை. நான் கண்டுபிடித்த வழி, இழுப்பை விசாரிப்பது. அதன் ஓரம் எங்கே முடிகிறது? உருண்டையா, கயிறு போலவா? மேலாகவா, உள்ளேயா? சூடா, கனமா? பத்து மூச்சு கழித்து மறுபடி அதே கேள்விகள். பதில் மாறியிருக்கும். பெரும்பாலும் இரண்டாவது நிமிடத்தில் இழுப்பு இடம் நகரும், மூன்றாவதில் மங்கும். இது தெரிந்துவிட்டால் சலிப்பு போய் ஒருவித ஆவல் வந்துவிடும்.

உடம்புக்குள் நடப்பதை உணரும் இந்தத் திறன் ஆசனத்துக்கு வெளியேயும் உதவுகிறது. தாடையை இறுக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறேன் என்பது எனக்குத் தெரிந்ததே வண்ணத்துப்பூச்சியில் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான். இழுக்க வேண்டியது தொடை. எனக்கு இறுகியிருந்ததோ பல்.

மூச்சையும் பயன்படுத்தலாம். உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், வெளிவிடும்போது குறையும். அதனால் வெளிமூச்சு நீண்டால் உடம்பு தணியும். 4 எண்ணிக்கையில் இழுத்து 6 எண்ணிக்கையில் விடுங்கள். எண்ணுவதே இறுக்கத்தைக் கொடுத்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பெருமூச்சு விடுவது போல விட்டால் போதும். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். மூச்சு தானாக நின்று நின்று வருகிறதென்றால் ஆழம் கூடிவிட்டது என்று அர்த்தம். வேறெந்தக் கருவியையும்விட நம்பகமான அளவுகோல் அது.

தூக்கம் வந்துவிடுகிறது

இரவு படுக்கும் முன் செய்கிறீர்கள் என்றால் வரட்டுமே, அதற்குத்தானே செய்கிறோம். ஒரு நிபந்தனை உண்டு. மடக்கிய காலின் மேல் தூங்கிவிடக் கூடாது. தூக்கம் சொக்கும் நாளில் மல்லாந்து படுக்கும் ஆசனங்களை மட்டும் செய்து டைமரையும் வையுங்கள். விழிப்போடு செய்ய ஆசைப்படும் நாளில் தூங்கிப்போனால் கண்ணைப் பாதி திறந்து வைத்துப் பாருங்கள், அல்லது பயிற்சியைப் பகலுக்கு மாற்றுங்கள். எப்போது செய்தாலும் தூங்குகிறீர்களா? அப்படியானால் கோளாறு யின்னில் இல்லை, உங்கள் இரவில்.

காரணமில்லாமல் அழுகை வருகிறது, எரிச்சல் வருகிறது

இடுப்பில் உணர்ச்சிகள் தேங்கியிருக்கின்றன, ஆசனம் அவற்றைத் திறந்துவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதைவிட எளிய விளக்கம் போதும். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவர் 5 நிமிடம் சும்மா கிடந்தால், ஒதுக்கி வைத்ததெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அழுகை வந்தால் அழுதுவிடலாம். அதற்கு அர்த்தம் தேட வேண்டிய அவசியமில்லை.

ஆனால் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பழைய பயங்கரம் ஏதோ திரும்ப நடப்பது போல இருந்தால் அங்கேயே இருந்து தாங்குவது வீரம் அல்ல. கண்ணைத் திறங்கள். எழுந்து உட்காருங்கள். அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். அன்றைக்கு அதோடு போதும். இது அடிக்கடி நடந்தால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசிவிட்டு, கண்ணைத் திறந்தபடி, நேரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்.

வெளியே வரும்போது கிழடு தட்டியது போல இருக்கிறது, தலை சுற்றுகிறது

முதலாவது சாதாரணம். நீண்ட நேரம் இழுபட்ட திசு உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு நிமிடம் மூட்டெல்லாம் பலமிழந்தது போல, தொட்டால் உடைந்துவிடும் போல இருக்கும். அவசரப்படாமல் கையால் காலைத் தாங்கி எடுத்து, அடுத்த ஆசனத்துக்கு முன் ஒரு நிமிடம் மல்லாந்து கிடங்கள். சும்மா கிடக்கும் அந்த ஒரு நிமிடத்தை ஆசனத்தின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓர் அலை பரவுவது போன்ற உணர்வு வருவது பெரும்பாலும் அப்போதுதான். இதே காரணத்தால் யின் முடித்த கையோடு ஓடப் போவதும் பளு தூக்குவதும் வேண்டாம்.

தலைசுற்றல் வேறு. நீண்ட நேரம் படுத்தோ குனிந்தோ இருந்துவிட்டுச் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் சற்றே இறங்கும். ஒருக்களித்துப் படுத்து, அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் எழுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மறுநாள் வலிக்கிறது

சதையில் ஒருநாள், இரண்டுநாள் மந்தமான நோவு என்றால் ஒருநாள் இடைவெளி விட்டு ஆழத்தைக் குறைத்துத் தொடருங்கள். மூட்டிலோ, உட்காரும் எலும்பை ஒட்டிய புள்ளியிலோ வலி என்றால் நேற்று நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். வலி முழுதாகப் போகும்வரை அந்தப் பகுதியை இழுக்காதீர்கள். "இழுத்துவிட்டால் சரியாகும்" என்று அதே இடத்தை மறுபடி இழுப்பது, காய்ந்துவரும் புண்ணைச் சொறிவது மாதிரி.

மாதக்கணக்கில் செய்கிறேன், வளையவே இல்லை

எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இழுப்பில் நின்றால் இன்னும் காலம் இருக்கிறது. முட்டலில் நின்றால் அதுதான் உங்கள் எலும்பின் எல்லை, வாழ்க்கை முழுக்க அங்கேயே நிற்கலாம். ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் வளையாததும் பெரும்பாலானவர்களுக்கு உள்ளதுதான். இரண்டையும் ஒரே மாதிரி காட்டப் போராடாமல், இறுகிய பக்கத்துக்கு ஒரு தலையணை அதிகமாகக் கொடுங்கள்.

வாரத்துக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட வாரம் மூன்று, நான்கு நாள் 25 நிமிடம் செய்வது எனக்குப் பிடிக்கிறது. வண்ணத்துப்பூச்சி 4 நிமிடம், ஸ்பிங்க்ஸ் 3, மல்லாந்தபடி பிட்டத்துக்கான இழுப்பு ஒவ்வொரு பக்கமும் 3, படுத்து முறுக்குதல் ஒவ்வொரு பக்கமும் 3, சவாசனம் 5. புதிதாகத் தொடங்குபவருக்கு இதற்கு மேல் ஆசனம் சேர்க்க அவசரமில்லை.

இவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்

கர்ப்பிணிகள், மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், சமீபத்தில் அடிபட்டவர்கள் அல்லது அறுவை செய்துகொண்டவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள், முதுகு வட்டுப் பிரச்சினை உள்ளவர்கள். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்கள் தலை இதயத்துக்குக் கீழே போகும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அப்படியே. கர்ப்ப காலத்தில் மூட்டுகள் ஏற்கெனவே இளகியிருக்கும் என்பதால் ஆழமான இழுப்பு தேவையில்லை. நிறையத் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பதே நல்ல பயிற்சி.

டைமர் அடித்துவிட்டது, எழ மனமில்லை

இது பிழை இல்லை. கால் மரத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம் கிடங்கள்.